பத்தாவது ஏ: சிறந்த மாணவர்களுக்கு நாம் காட்டும் வழி

எஸ்பிஎம் முடிவு வந்ததும் நம் புலனக் குழுக்களில் முதலில் ஓடும் கேள்வி, "எத்தனை ஏ?" அடுத்தது, "மெட்ரிக் கிடைச்சிருச்சா?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் தமிழ்ப் பாடம் எங்கே நிற்கிறது என்பதுதான் என் கேள்வி.

2024 ஜூன் இறுதியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் ஓர் அறிவிப்புச் செய்தார். எஸ்பிஎம்மில் 10 ஏ அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்கு, இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் உண்டு என்றார். நாம் மகிழ்ந்ததில் நியாயம் இருக்கிறது. 90 விழுக்காடு பூமிபுத்ராவுக்கு, மீதி 10 விழுக்காடு மற்ற எல்லாருக்கும் என்ற கணக்கில் நல்ல தேர்ச்சி பெற்றும் வெளியே நின்றவர்கள் நம் பிள்ளைகள். 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்றார்கள். 2019-இல் மொத்த இடத்தை 25,000-இலிருந்து 40,000-ஆகக் கூட்டினார்கள். 90:10 மட்டும் அசையவில்லை. அதையெல்லாம் பார்த்துச் சலித்தவர்களுக்கு 2024 அறிவிப்பு பெரிய ஆறுதல்.

சரி, இந்தப் 10 ஏ யாருக்கு எட்டும்? அறிவியல் பிரிவு மாணவர் எடுக்கும் பாடங்களை எண்ணிப் பாருங்கள். மலாய்மொழி, ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். மொத்தம் ஒன்பது. அத்தனையிலும் ஏ எடுத்தாலும் 9 ஏதான். நம் மாணவர்களில் பலருக்குப் பத்தாவது பாடம் தமிழ்மொழி, பதினொன்றாவது தமிழ் இலக்கியம். அதாவது உத்தரவாதக் கதவைத் திறப்பதே தமிழாக இருக்கிறது!

ஆனால் அந்தத் தமிழை எங்கே படிப்பது? சட்டப்படி, தேசியப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு வேண்டுமென்றால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். 15 பேர் சேராத பள்ளிகள் நமக்குத் தெரியும். சேர்ந்தாலும் வகுப்பு மதியம் இரண்டு மணிக்கு மேல், பசியோடு. இலக்கியம் பல இடங்களில் கோயில் மண்டபத்திலும் வார இறுதி வகுப்பிலும்தான் உயிரோடு இருக்கிறது. நடத்துகிறவர்களுக்குப் பெட்ரோல் காசுகூடத் தேறுவதில்லை. உள்ளூர்ப் பள்ளியில் ஒன்பது பாடம் மட்டுமே படித்து, ஒன்பதிலும் ஏ வாங்கிய பிள்ளைக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. அவள் திறமையில் என்ன குறை?

அதைவிடப் பெரிய உறுத்தல் இன்னொன்று. மெட்ரிகுலேஷனில் அறிவியல், கணக்கியல், பொறியியல் சார்ந்த பிரிவுகள்தான் உண்டு. கலைப்பிரிவு இல்லை, தமிழும் இல்லை. இலக்கியத்தில் ஏ பிளஸ் வாங்கிய மாணவர் உள்ளே நுழைந்த நாளோடு அவருடைய தமிழ்க் கல்வி முடிகிறது. 2009-இல் எஸ்பிஎம் பாடங்களுக்கு 10 என்று வரம்பு கட்டியபோது நம் இயக்கங்கள் எதிர்த்து நின்றன. பிறகுதான் கூடுதலாக இரண்டு எடுக்கலாம் என்று 12 ஆனது. அன்று குரல் கொடுத்தவர்கள் ஏ எண்ணிக்கையைக் கூட்டவா கொடுத்தார்கள்? இன்று நாமே தமிழைக் கூட்டல் கணக்குக்கு வைத்துக்கொண்டு, கணக்கு முடிந்ததும் மூட்டை கட்டி விடுகிறோம்.

தமிழைத் தொடர ஆறாம் படிவம் இருக்கிறது. எஸ்டிபிஎம்மில் தமிழ்மொழி ஒரு பாடம். ஆனால் ஆசிரியர் அறையில் நாம் என்ன சொல்றோம்? "ஃபார்ம் சிக்ஸா? ரொம்பக் கஷ்டம்பா, வேற வழியே இல்லன்னா போ." மூன்று தவணையில், ஒன்றரை ஆண்டில் முடிகிற, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கிற தேர்வை நாமே தோற்றவர்கள் போகும் இடமாக ஆக்கி வைத்திருக்கிறோம். இந்த விஷயத்தில் அமைச்சைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956-இலிருந்து இருக்கிறது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்விப் பட்டம் உண்டு. நம்மில் பலர் அங்கே படித்து வந்தவர்கள்தான். உங்கள் வகுப்பில் தமிழை முதல் விருப்பமாக எழுதி வந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

பி40 குடும்பத்துப் பெற்றோருக்கு மெட்ரிக் ஏன் பெரிது என்பது புரியாமல் எழுதவில்லை. ஓராண்டுப் படிப்பு, விடுதி, கொஞ்சம் உதவித்தொகை, பிறகு மருத்துவமோ பொறியியலோ. யாரையும் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் நாம் கோருவது இட எண்ணிக்கையோடு நிற்கக் கூடாது. மெட்ரிக்கில் தமிழை விருப்பப் பாடமாகவாவது வைக்கச் சொல்லிக் கேட்கலாம். பத்தாவது பாடத்துக்கு வாய்ப்பே இல்லாத பள்ளிகளின் 9 ஏ மாணவர்களையும் உத்தரவாதத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். இவை அமைச்சுக்கு.

நமக்கு உள்ளது சின்ன வேலைதான். உங்கள் மாவட்டத்தில் எந்த ஆறாம் படிவ மையத்தில் தமிழ்மொழி நடக்கிறது, யார் போதிக்கிறார்கள், எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள் என்ற விவரம் இருந்தால் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். ஐந்தாம் படிவ மாணவர்கள் தேர்வு எழுதி முடிக்கும் முன்னரே அந்தப் பட்டியல் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.