ஜோர்டனா, லெப்ரானா?

கூடைப்பந்து ரசிகர்கள் கூடினால், யார் சிறந்தவர் என்ற இந்தக் கேள்வி வராமல் போகாது. ஒருவர் ஜோர்டனின் 6 கோப்பைகளைச் சொல்வார்; இன்னொருவர், கரீம் அப்துல்-ஜப்பாரின் 38,387 புள்ளிகளை 2023இல் லெப்ரான் கடந்ததைச் சொல்வார். எனக்கு இந்த வாதம் அலுப்பதே இல்லை. விளையாட்டின் வரலாறு முழுக்க அதில் வந்துவிடுகிறது.

கரீமின் ஆயுதம் ஸ்கைஹூக். உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒற்றைக் கையை முழுக்க உயர்த்தி, எதிராளிக்கு எட்டாத உயரத்திலிருந்து பந்தை வளைத்து விடுவார். 20 பருவங்கள் ஆடிய அவர் போட்ட மூன்று புள்ளிக் கூடை ஒன்றே ஒன்று. அதற்கான கோடு அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.வுக்கு வந்ததே 1979இல்தான். ஸ்டீபன் கரியோ 2015-16 பருவத்தில் மட்டும் 402 முறை அப்படிப் போட்டார். இருவரையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது?

பில் ரசல் 13 பருவங்களில் 11 கோப்பைகள் வென்றவர். பந்தைத் தடுப்பதில் மன்னர். ஆனால் 1973-74க்கு முன் லீக் பிளாக்குகளைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் தடுத்தவை, பார்த்தவர்களின் பேச்சில்தான் வாழ்கின்றன. அதனால்தான் மூத்த ரசிகர்களின் வாதத்துக்கு மதிப்பு அதிகம்: ஏடுகள் விட்டுவிட்டதை அவர்கள்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார்கள்.