கிரெடி புரோஃபெக்: பூஸ்ட்டுக்கு ஒரு கடிவாளம்

டர்போ காரில் பூஸ்ட்டை ஏற்றுவது பெரிய வித்தையே இல்லை. வேஸ்ட்கேட் குழாயில் ஒரு சின்ன மேனுவல் வால்வைச் செருகினாலே ஏறிவிடும். ஏறிய பூஸ்ட்டைச் சொன்ன அளவில் நிறுத்தி வைப்பதுதான் சிரமம். கிரெடி புரோஃபெக் போன்ற எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலருக்குப் பணம் கொடுப்பது அதற்காகத்தான்.

வாங்குமுன் அடிப்படை ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. டர்போ தரும் காற்றழுத்தம் ஒரு மெல்லிய குழாய் வழியே வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போய், அங்குள்ள ஸ்பிரிங்கைத் தள்ளுகிறது. ஸ்பிரிங் விட்டுக்கொடுத்ததும் வேஸ்ட்கேட் திறந்து, எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பங்கு டர்பைனைத் தொடாமலே வெளியேறிவிடும். குக்கர் வெயிட்டைப் போல, ஸ்பிரிங் தாங்கும் வரைதான் பூஸ்ட். கன்ட்ரோலரின் சோலனாய்டு அந்தக் குழாயில் குறுக்கே உட்கார்ந்து, ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கிறது. கேட் தாமதமாகத் திறப்பதால் பூஸ்ட் ஏறுகிறது. ஆக, ஸ்பிரிங் அளவு 0.5 பார் என்றால், அதற்குக் கீழே எந்தக் கருவியாலும் இறக்க முடியாது. மேலே போவதற்கும் ஸ்பிரிங் அளவைப் போல இரு மடங்குதான் ட்யூனர்கள் வைத்திருக்கும் தோராய வரம்பு.

புரோஃபெக்கைச் சோதித்தது நிசான் சில்வியா எஸ்15 காரில். எஸ்ஆர்20டிஇடி இன்ஜின், தொழிற்சாலைக் கணக்கில் 250 பிஎஸ். பெரிய இன்டர்கூலர், அகலமான எக்ஸாஸ்ட், ரீமேப் செய்த ஈசியூ எல்லாம் ஏற்கெனவே இருந்தன. எங்கள் இலக்கு 0.9 பார்.

கருவியில் ஓஎல்இடி திரையும், திருகவும் அழுத்தவும் ஒரே ஒரு குமிழும்தான். ஓட்டிக்கொண்டே படிக்க வசதி. ஆனால் ‘0.9 வேண்டும்’ என்று நேராகக் கேட்க வழியில்லை. ‘செட்’ என்பது சோலனாய்டுக்கான சதவீத எண். குறைவாகத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கேஜைப் பார்த்துப் படிப்படியாக ஏற்ற வேண்டும். இதை மூன்றாம், நான்காம் கியரில் செய்வதே சரி. முதல் கியரில் இன்ஜின் மேல் சுமை குறைவு, டர்போவுக்கு அவகாசமும் குறைவு. அங்கே சரிபார்த்த எண் மேல் கியரில் எல்லை தாண்டிவிடும்.

சூட்சுமம் மற்ற இரண்டு அமைப்புகளில் இருக்கிறது. ‘ஸ்டார்ட் பூஸ்ட்’ எட்டும் வரை கேட் மூடியே இருக்கும். அதை இலக்குக்கு அருகே கொண்டுபோனால் பூஸ்ட் சீக்கிரம் வரும். மிக நெருங்கினால் இலக்கைத் தாண்டி எகிறும். மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் சரிந்தால் ‘கெய்ன்’ அதைத் தூக்கிப் பிடிக்கும். இவை இரண்டும் படிந்த பிறகு சில்வியாவின் இழுவை முன்கூட்டியே வந்தது, ரெட்லைன் வரை தளரவும் இல்லை. மழைக்கு ‘லோ’, வறண்ட சாலைக்கு ‘ஹை’ என மாற்றிக்கொள்ளலாம். அளவு மீறினால் எச்சரித்து இறக்கும் வசதியும் உண்டு.

குறையும் இருக்கிறது. கியருக்கு ஒரு பூஸ்ட் என்று இதில் பிரித்து வைக்க முடியாது. அபெக்சியின் பழைய ஏவிசி-ஆர் அதைச் செய்தது. மற்ற போட்டிக் கருவிகளில், எச்கேஎஸ் ஈவிசி சோலனாய்டுக்குப் பதில் ஸ்டெப்பர் மோட்டாரை நம்புகிறது. ஆஸ்திரேலியாவின் டர்போஸ்மார்ட் இ-பூஸ்ட்2 வட்ட கேஜ் வடிவில் வருகிறது. ஆறு பூஸ்ட் அமைப்புகளைச் சேமிக்கும்.

எதை வாங்கினாலும் அது காற்றை மட்டுமே ஏற்றும், பெட்ரோலைச் சேர்க்காது. கலவை மெலிந்தால் நாக்கிங் வரும், பிஸ்டன் போகும். கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரும் ட்யூனிங்கும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். டர்போவின் வரம்பும் முக்கியம். ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆரின் அசல் செராமிக் டர்பைன்களை 1 பாருக்கு மேல் யாரும் நம்புவதில்லை.

அசல் ஈசியூவுக்குப் பதில் ஹால்டெக், லிங்க் போன்ற ஈசியூ போட்டவர்களுக்கு புரோஃபெக் வீண் செலவு. மூன்று முனை சோலனாய்டு ஒன்றை அதிலேயே இணைத்துவிடலாம். இன்டேக் காற்று சூடானால் ஈசியூவே பூஸ்ட்டைக் குறைத்துக்கொள்ளும். எப்போதும் ஒரே அளவில் சற்றுக் கூடுதல் பூஸ்ட் போதும் என்பவர்களுக்கு மேனுவல் வால்வே நிறைவு. பழைய ஜப்பானிய காரை அசல் ஈசியூவோடு வைத்துக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பூஸ்ட்டை மாற்ற விரும்புகிறவர்களுக்கு புரோஃபெக்கைத் தயங்காமல் சொல்வேன்.