காற்று போகும் வழி

தாசேக் கெலுகோரில் எங்கள் தாமானில் ஒரு வீட்டைப் பார்த்தால் போதும், வரிசை முழுவதையும் பார்த்த மாதிரிதான். முன்னால் கார் நிற்கும் இடம், நடுவில் ஒரு ஹால், இரண்டு அறை, கடைசியில் சமையலறை. ஒரே வித்தியாசம், எல்லாரும் பின்பக்கச் சமையலறையை எல்லைச் சுவர் வரை இழுத்துக் கட்டிவிட்டார்கள். நாங்கள் இன்னும் கட்டவில்லை. அம்மாவுக்கு அது பல வருஷத்துக் குறை. போன மாதம் கொந்தராக்ட்காரர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டு, "பின்னால முழுசா மூடிருவோம் தம்பி, எடத்த வீணாக்கக் கூடாது" என்றார். நான் வேண்டாம் என்றேன். "ஏன்டா?" என்று அம்மா கேட்டதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதில் ஒரு புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இருந்தது.

லிம் ஜீ யுவான் ஆங்கிலத்தில் எழுதிய 'தி மலாய் ஹவுஸ்'. 1987இல் பினாங்கில் இன்ஸ்டிடியூட் மாஷாராக்காட் வெளியிட்டது. சௌராஸ்தா சந்தை மாடியில், பழைய எஸ்.பி.எம். வழிகாட்டிகளுக்கு நடுவில் கிடந்ததை எடுத்து வந்தேன். நான் படித்தது இயந்திரவியல். வெப்பம் ஒரு சுவர் வழியாக எப்படிப் போகும் என்று நான்கு வருஷம் கணக்குப் போட்டிருக்கிறேன். நான் தூங்குகிற அறையின் சுவரை அந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

கம்பத்து வீட்டைச் சுற்றுலாப் படமாகப் பார்க்காமல் இந்த வெயிலுக்கும் மழைக்கும் கட்டப்பட்ட கருவியாகப் பார்ப்பதுதான் இந்தப் புத்தகத்தின் பெரிய பலம். நிறைய கோட்டோவியங்கள். தூண்மேல் ஏற்றிய தரை, ஆணியில்லாமல் பிணைத்த மரச்சட்டங்கள், சுவருக்கு மேலே காற்றுக்காக விட்ட துளைப் பலகைகள், இறங்கி வந்து நிழல் தரும் கூரை. எனக்குப் பிடித்தது சன்னல் பற்றிய பகுதி. பழைய மலாய் வீட்டில் சன்னல் தரையிலிருந்தே தொடங்கும். ஏனென்றால் அந்த வீட்டில் ஆட்கள் தரையில் உட்கார்ந்தார்கள், தரையில் படுத்தார்கள். காற்று வேண்டியது உடம்பு இருக்கும் உயரத்தில். சரி, நம் வீட்டில் சன்னல் ஏன் இடுப்புக்கு மேலே இருக்கிறது? நாற்காலியில் உட்காருகிற யாருக்கோ போட்ட அளவு அது. பாட்டி இன்னும் தரையில்தான் படுக்கிறார். அவருக்கு மேலே மூன்றடி தள்ளி காற்று போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, சுவரின் கனம். செங்கல்லும் கான்கிரீட்டும் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல வெளியே விடும். பகலில் கொதித்து இரவில் குளிர்கிற பாலைவன ஊருக்கு அது நல்லது. நம் ஊரில் பகல் 32 டிகிரி என்றால் இரவு 24, 25. சுவர் ஆறுவதற்குள் விடிந்துவிடும். பலகையும் கீற்றும் சூட்டைச் சேர்த்து வைக்காது, வெயில் இறங்கியதும் வீடும் இறங்கிவிடும். இரவு பத்து மணிக்கு எங்கள் வீட்டுச் சுவரில் கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். மேலே சுற்றுகிற காற்றாடி அந்தச் சூட்டைத்தான் எங்கள்மேல் தள்ளிக்கொண்டிருக்கிறது.

வரிசை வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். காற்று வர முன்பக்கம், போகப் பின்பக்கம், வேறு வழி கிடையாது. சமையலறையை இழுத்துக் கட்டும்போது அந்த ஒரு வழியையும் அடைத்துவிடுகிறோம். அடுத்து எயர்கோன். அடுத்து பக்கத்து வீட்டு எயர்கோனின் அனல் நம் சன்னலில். எங்கள் வரிசையில் இது இந்த ஒழுங்கில்தான் நடந்தது. ஆனால் அதற்காக வீட்டுக்காரர்களைத் திட்ட முடியாது என்பதையும் இந்த நூலிலிருந்தே கற்றுக்கொண்டேன். மலாய் வீடு ஒரே நாளில் முடிகிற வீடு இல்லை. முதலில் ரூமா இபு என்ற முதன்மை வீடு, பிறகு பணமும் பிள்ளைகளும் வர வர ரூமா டாப்பூர் என்ற சமையல் கட்டு, செராம்பி என்ற திண்ணை என்று ஒட்டிக்கொண்டே போகும். (ரூமா இபு என்பதை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினால் 'தாய் வீடு'. நமக்கு அது வேறு அர்த்தம்.) வளர்வதற்கான இடத்தையும் காற்றுக்கான இடைவெளியையும் விட்டுத்தான் முதல் தூணே நடப்பட்டது. அம்மா கேட்பதும் அதே வளர்ச்சிதான். அவர் வீட்டுக்கு அந்த இடத்தை யாரும் விட்டு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டுதான் சண்டைக்கு வருகிறேன்.

புத்தகத்தில் இருந்த ஓர் அத்தாப்புக் கூரைப் படத்தைப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இதுக்கு எவ்ளோ குடுத்த?" என்றார். சொன்னேன். "இதுல இருந்து தப்பிச்சு வரத்தான்டா ஒன் தாத்தா தவறணைக்குப் போகாம காசு சேத்தாரு. மழ பேஞ்சா சட்டியத் தூக்கிக்கிட்டு ஓடணும். பூரான் விழும். ஒரு பொறி பட்டா வரிசையே போச்சு." பாட்டி சின்ன வயதில் இருந்தது மலாய் வீட்டில் இல்லை, தோட்டத்து லயத்தில். கூரை மட்டும் அதே நிப்பா இலை. அப்படியென்றால் அவர் பேசியது கூரையைப் பற்றியா, லயத்தைப் பற்றியா? பல நாள் யோசித்தேன். இரண்டையும் பிரித்துக் காட்டினால் பாட்டி ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

நிப்பா ஓலை சில வருஷங்களில் நைந்துவிடும், மாற்ற வேண்டும். கம்பத்தில் அதற்குக் கூட்டு உழைப்பு இருந்தது. ஊர் சேர்ந்து செய்தது, வீட்டுக்காரர் சோறு போட்டார். நூல் இந்த உறவை மரியாதையோடு பேசுகிறது. ஆனால் வீட்டைக் கட்டுவதில் காட்டுகிற கவனத்தில் பாதியையாவது வீட்டைக் காப்பாற்றுவதில் காட்டியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. கூரையைப் பார்ப்பது, கரையானைப் பார்ப்பது, ஒழுகிய இடத்தைத் துடைப்பது. இந்த வேலைக்கு யார் நேரம்? விடியற்காலை இருட்டில் பிரட்டுக்கு ஓடி, பால்மரம் வெட்டி, மத்தியானம் வந்து சமைத்த ஒருத்திக்கு, 'தானாக மக்கிவிடும் பொருள்' என்பது பெருமையாகவா கேட்கும்? அடிக்கடி மாற்ற வேண்டிய பொருள் என்றுதான் கேட்கும்.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. எகிப்தில் ஹசன் பாத்தி 1940களில் கூர்னா மக்களுக்காக மண் செங்கல்லில் ஒரு புது ஊரே கட்டினார். வெயிலுக்கு ஏற்ற, மலிவான, அழகான ஊர். மக்களில் பெரும்பாலோர் குடிபோக மறுத்தார்கள். பழைய ஊரை ஒட்டியிருந்த கல்லறைகள்தான் அவர்கள் பிழைப்பு என்பது ஒரு காரணம். குவிமாடக் கூரை செத்தவர்களின் கட்டடம்போல இருந்தது என்பது இன்னொன்று. தன் அனுபவத்தைப் பாத்தியே எழுதினார். அந்த நூல் 1973இல் 'ஆர்க்கிடெக்சர் ஃபார் தி பூர்' என்ற பெயரில் அமெரிக்காவில் வந்து உலகமெங்கும் வாசிக்கப்பட்டது. கட்டடக் கலை மாணவர்கள் அதைக் காவியமாகப் படிக்கிறார்கள். எனக்கு அதில் வருகிற ஆட்களைவிட, வராமல் போன ஆட்கள்மேல்தான் ஆர்வம். கூர்னாக்காரர்களுக்கும் என் பாட்டிக்கும் அறிவு குறைவு என்று சொல்லிவிடுவது சுலபம். ஒரு பொருளில் வெப்பம் மட்டும் தங்குவதில்லை, அதில் வாழ்ந்த வாழ்க்கையும் தங்குகிறது. எங்கள் பாடத்தில் அதற்கு அலகு கிடையாது.

மரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நல்ல மலாய் வீட்டின் தூண் செங்கால் மரம். தீபகற்பக் காட்டில் மெதுவாக வளர்கிற, இரும்பு மாதிரியான மரம். காடு பக்கத்தில் இருந்து, கேட்பவர்களும் குறைவாக இருந்த காலத்தில் அது எளிய பொருள். இன்று செங்கால் வீடு கட்டுகிறவர் பணக்காரர், அல்லது விடுதி நடத்துகிறவர். ஒரு பொருளின் நல்லதனம் அந்தப் பொருளில் மட்டும் இல்லை, எத்தனை பேர் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. 1987இல் எழுதிய நூலை இதற்காகக் குற்றம் சொல்லவில்லை. இன்று அதைத் தூக்கிக்கொண்டு 'முன்னோர் அறிவு' என்று காணொளி போடுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

இதன் எதிர்முனையில் முத்திரைகள் இருக்கின்றன. நம் நாட்டில் 2009இல் கிரீன் பில்டிங் இன்டெக்ஸ் வந்தது. 100 புள்ளிக்கு 50 எடுத்தால் சான்றிதழ், 86 எடுத்தால் பிளாட்டினம். மோசமான கருவி இல்லை. ஆனால் அது பெரும்பாலும் பேசுவது கட்டடம் கட்டுகிற நிறுவனத்தோடு. எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீடாகப் பின்பக்கம் அடைபட்டபோது புள்ளி போட யாரும் வரவில்லை. வீடு வாங்கும்போது என்னவெல்லாம் தேர்ந்தெடுத்தோம் என்று அப்பாவைக் கேட்டேன். "மூல வீடா, நடு வீடான்னு கேட்டாங்க. நடு வீடு வெல கம்மி" என்றார். அந்த ஒரு தேர்வுதான்.

குளியலறைக்குள்ளும் இதே கதைதான். ஜார்ஜ்டவுன் வாரயிறுதிச் சந்தை ஒன்றில் பிளாஸ்டிக் போத்தல் இல்லாத ஷாம்பு கட்டி வாங்கினேன். 28 வெள்ளி. 'தேங்காயிலிருந்து' என்று போட்டிருந்தது. நுரைக்கு அடிப்படை லாரிக் அமிலம். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான். செம்பனைப் பருப்பு எண்ணெயிலும் ஏறக்குறைய பாதி அதுதான். இரண்டில் எதிலிருந்து எடுத்தாலும் கடைசியில் ஒரே நுரை. நான் வாங்கிய கட்டி எதிலிருந்து வந்தது என்று கட்டியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களில் குலை பொறுக்கியவர்களின் பேரன், அதே எண்ணெயை 'இயற்கை' என்ற பெயரில் 28 வெள்ளிக்கு வாங்கியிருக்கலாம். பாட்டி அந்தக் கட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "சவுக்காரம்தானே" என்று பாத்திரம் விளக்கும் இடத்தில் வைத்துவிட்டார். பிளாஸ்டிக் பைக்கு 20 சென் என்று 2011இல் பினாங்கு முழுக்க எல்லா நாளும் வந்தபோது எங்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பையைக் கழுவிக் காயப் போட்டு மறுபடி எடுத்துப்போவது பாட்டி ஏற்கனவே செய்துகொண்டிருந்ததுதான். யாரும் அதற்கு 'வாழ்க்கை முறை' என்று பெயர் வைக்கவில்லை.

லிம் ஜீ யுவானின் நூல் மலாய் வீட்டைப் பற்றியது, அதில் லயத்தைத் தேடுவது நியாயம் இல்லை. நான் தேடுவது தமிழில். நம் தோட்டக் கதைகளில் லயம் நிறைய வருகிறது. அழுகை வருகிறது, குடி வருகிறது, பக்கத்து வீட்டுச் சண்டை சுவர் தாண்டிக் கேட்கிறது. ஆனால் அந்தச் சுவர் எதனால் ஆனது, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு திறப்பு, அடுப்புப் புகை எந்தப் பக்கம் போனது, மத்தியானம் உள்ளே இருக்க முடிந்ததா? நான் வாசித்தவரையில் இதெல்லாம் பின்னணியாகக்கூட வருவது அபூர்வம். லயம் நமக்கு ஓர் உணர்ச்சியாகவே நின்றுவிட்டது, கட்டடமாக ஆகவில்லை. அப்படி ஆகாததால்தான் இன்று ஒருவர் அதை ஏக்கத்தோடு 'ஓலை வீடு, இயற்கை வாழ்வு' என்று எழுதும்போது மறுத்துச் சொல்ல நம்மிடம் ஓர் அளவுகூட இல்லை. கூலியைக் குறைப்பதற்காகக் கட்டின வீட்டையும் காற்றுக்காகக் கட்டின வீட்டையும், இரண்டிலும் ஒரே ஓலை என்பதால், ஒன்றாக்கிவிடுகிறோம். லிம் ஒரு வீட்டைத் தூண் தூணாக வரைந்தார். நமக்கு அப்படி வரைந்தவர் யார்?

சமையலறை விஷயம் ஒருவழியாக முடிந்தது. எல்லைச் சுவருக்கு முன்னால் மூன்றடி மூடாமல் விடுகிறோம், மேலே கம்பி வலை மட்டும். கொந்தராக்ட்காரருக்கு என்மேல் கொஞ்சம் பரிதாபம். அம்மா ஒத்துக்கொண்டது காற்றுக்காக இல்லை, அங்கே துணி காயப் போடலாம் என்று.

போன ஞாயிறு பாட்டியிடம் அவர் இருந்த லயத்து வீட்டின் அளவைக் கேட்டேன். அடிக்கணக்கு அவருக்குத் தெரியவில்லை. எழுந்து ஹாலில் நடந்தே காட்டினார். வாசல் கதவிலிருந்து தொடங்கினார். "இங்க திண்ண. இங்க சாமி. இந்த மூலையில தொட்டில். இதுதான் அடுப்பு." நான் பின்னாலேயே டேப்பைப் பிடித்துக்கொண்டு போனேன். சோபாவின் நடுவில் வந்து நின்றுவிட்டார். அங்கிட்டு என்ன பாட்டி என்றேன்.

"அங்கிட்டு அடுத்த வீடு."