மலைபடுகடாம்: வழி தவறிய கூத்தரின் இசை

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் 583 அடிகளால் ஆனது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இதில் காட்டும் சேயாறு, சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறே என்பர். நன்னனின் கொடையைப் போற்றும் பாட்டாகவே இதனைப் படிப்பது வழக்கம்; அப்படிப்பில் வழியிடைக் காட்சியொன்று மங்கிவிடுகிறது. குறவரும் திகைக்கும் குன்றில் வழி தவறினால், அகன்ற பாறையில் ஒருங்குகூடி இசைக்கருவிகளை இயக்குமாறு ஆற்றுப்படுத்துவோன் கூறுகிறான். துறை தவறி நீரில் வீழ்ந்தோரின் கூக்குரல் கேட்டவர்போலக் கானவர் விரைந்து வருவர். பழமும் பூவும் காட்டி முன்னே நடப்பர். முன்னர் வரும் சிற்றூரில் நன்னனின் கூத்தர் எனச் சொன்ன பின்னரே விருந்து. இங்கோ இசையே அறிமுகம். பரிசிலுக்கெனச் சுமந்த கருவிகள் முன்பின் அறியாதாரை உதவிக்கு அழைக்கின்றன. கானவர் காடு காப்போர்; எனினும் அவர்தம் விரைவு ஐயத்தால் எழுந்ததன்று என்பதை அவ்வுவமையே காட்டிவிடுகிறது.