தோணியை விட்டிறங்காத பெரியவர்: சிறுவர் நாவல் குறித்துச் சில அவதானங்கள்

நமது சூழலில் சிறுவர் இலக்கியம் என்றதும் பாலர் பாடலும் நீதிக்கதையுமே நினைவுக்கு வருகின்றன. ஒன்பது வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இவ்விரண்டும் போதாமற் போய்விடுகின்றன. பதினான்கு, பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை பெரியவர்களின் நாவலைத் தொடக்கூடும். இடைப்பட்ட ஐந்தாறு வருடங்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய நூல்கள் மிகச் சொற்பம். அந்த வருடங்களின் முற்பகுதியைத் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை விழுங்கிவிடுகிறது. பரீட்சை முடித்து ஆறாந் தரத்துக்கு வரும் பிள்ளைகளில் அநேகர் வினாத்தாளைத் தவிர வேறெதையும் தொடர்ச்சியாக வாசித்துப் பழகாதவர்கள். இதைக் கிராமப் பாடசாலை ஆசிரியன் என்ற வகையில் சொல்கிறேன்.

இந்த இடைவெளியை நிரப்பவேண்டும் என்ற எண்ணம் அண்மைக் காலத்தில் சிலருக்கு வந்திருக்கிறது. அவர்களிற் பலர் ஆசிரியர்கள். முதல் நாவலையே சிறுவர் நாவலாக எழுதிப்பார்த்த நண்பர்கள் சிலரின் கையெழுத்துப் பிரதிகளை வாசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கதைகள் வேறு வேறு. என்றாலும் எல்லாவற்றிலும் ஒரே மனிதர் வந்துபோகிறார். சில பிரதிகளில் அவர் அதிபர், சிலவற்றில் மூத்தாப்பா, ஒன்றில் மௌலவி, இன்னொன்றில் ஓய்வுபெற்ற கிராம சேவகர். பிள்ளைகள் ஏதாவது சிக்கலில் மாட்டிக்கொண்டதும் இவர் வந்து சேர்ந்துவிடுகிறார். சிக்கலை அவிழ்க்கிறார், விளக்கம் சொல்கிறார், தலையைத் தடவி வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். அவர் வேறு யாருமல்லர், எழுத்தாளரேதான். பிள்ளைகளைத் தோணியில் ஏற்றிவிட்ட பிறகும் அவருக்குக் கரையில் நிற்க மனம் வருவதில்லை.

இவ்விடத்தில் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’வை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ‘மடோல் தீவு’ என்ற பெயரில் அது தமிழிலும் வந்திருக்கிறது. சிங்கள நாவலைப் பற்றி இந்த இதழில் ஏன் பேசவேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என நம்புகிறேன். அது ஒரு களப்பு நாவல். மடோல் தூவ என்றால் கண்டல் தீவு. கொக்கலக் களப்பில் நிகழும் கதையை மட்டக்களப்பு வாவிக்கரைப் பிள்ளை தன் ஊர்க் கதையாகவே வாசிக்க முடியும்.

நூல் வெளிவந்தது 1947இல். ‘கம்பெரலிய’ வெளிவந்து மூன்று வருடங்களின் பின். விக்கிரமசிங்க 1890இல் பிறந்தவர். முதல் நாவலான ‘லீலா’வை 1914இலேயே வெளியிட்டவர். மூன்று தசாப்தங்களுக்கு மேலாக எழுதித் தேர்ந்த கையோடுதான் அவர் சிறுவனொருவனின் குரலுக்கு வந்து சேர்கிறார். சிறுவர் நாவலை ‘ஆரம்பப் பயிற்சி’ என்று கருதும் நம்மவர்கள் இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று யோசித்துப் பார்க்கலாம்.

கதையைச் சொல்பவன் உபாலி. தாயை இழந்தவன், மாற்றாந்தாயுடன் வளர்பவன், ஊர்ச் சிறுவர்களின் குழப்படிகளுக்குத் தலைவன். அவனது நண்பன் ஜின்னா அதே வீட்டில் வேலைக்கு நிற்கும் பையன். (பெயரைப் பார்த்து நம்மவன் என்று எண்ணிவிட வேண்டாம், அவனும் சிங்களச் சிறுவன்தான்.) இருவரும் ஓடிப்போகிறார்கள். ஒரு கமக்காரரிடம் வேலை செய்கிறார்கள். பிறகு, பேய் உலவுவதாக ஊரார் நம்பும் தீவொன்றில் குடியேறிக் காட்டை வெட்டிப் பயிர் செய்கிறார்கள். தீவு யாருக்குச் சொந்தம் என்ற வில்லங்கமும் வருகிறது. இடையில் உபாலி வீட்டுக்குப் போகிறான். தகப்பனின் குடும்பத்துக்குத் தன்னால் இயன்றதைச் செய்கிறான். ஆனால் அங்கே தங்கிவிடவில்லை, தீவுக்கே திரும்புகிறான்.

இந்தத் திரும்புதல்தான் நாவலின் உயிர் என்பது என் கருத்து. வீட்டை விட்டு ஓடிய பையனைப் பற்றி நமது நண்பரொருவர் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பசியிலும் காய்ச்சலிலும் பட்டு, கடைசி அத்தியாயத்தில் உம்மாவின் காலடியில் விழுந்து அழுதிருப்பான். “இனி ஓடமாட்டேன்” என்றும் சொல்லியிருப்பான். விக்கிரமசிங்க அவனைத் தண்டிக்கவுமில்லை, தியாகியாக்கவுமில்லை. ஓடியதன் விலையை உழைப்பாகக் கொடுக்க வைக்கிறார். மண்ணைக் கொத்துவதும் பயிரைக் காப்பதும் கணக்குப் பார்ப்பதும் பக்கம் பக்கமாக வருகின்றன. ஏழாந் தரப் பிள்ளைகளுக்கு இந்நூலைப் பகுதி பகுதியாக வாசித்துக் காட்டியபோது இந்தப் பக்கங்கள் அவர்களுக்குச் சலிக்கும் என்றே எதிர்பார்த்தேன். மாறாக, அடுத்த நாள் வகுப்புக்குள் நுழையுமுன்னே “சேர், அந்தப் பயிர் என்னாச்சு?” என்றார்கள். ஒரு பிள்ளை தானே செய்த வேலையின் பலனைக் காத்திருந்து பார்ப்பது எவ்வளவு பெரிய கதை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நாவலில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. உபாலியும் ஜின்னாவும் எவ்வளவுதான் சேர்ந்து உழைத்தாலும் முதலாளி வீட்டுப் பிள்ளை, வேலைக்காரப் பிள்ளை என்ற படிநிலை முற்றாகக் கரைந்துவிடுவதில்லை. கதை உபாலியின் வாயாலேயே வருவதால் ஜின்னாவின் மனம் நமக்குத் திறப்பதுமில்லை. இன்று இதே கதையை எழுதுபவர் ஜின்னாவின் பக்கத்திலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். பெண்பிள்ளையோ இந்தத் தீவுக்கு வருவதேயில்லை.

நம்முடைய பக்கம் இப்படியொரு வேர் இல்லாமலுமில்லை. இலங்கையில் எழுதப்பட்ட முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’ (1885) குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரிடமிருந்து கடத்தப்பட்டு அந்நிய தேசத்தில் வளரும் ஒருவனின் கதை. அது சிறுவருக்காக எழுதப்பட்டதன்று. அதன் நடையும் இன்றைய பிள்ளைக்கு எட்டாது. எனினும் பயணம், ஆபத்து, பிரிந்தோர் கூடுதல் ஆகிய சிறுவர் நாவலின் சரக்குகள் அத்தனையும் அங்கே இருக்கின்றன. அதைச் சிறுவருக்கு ஏற்றாற்போல் மறுபடி சொல்வது ஒரு முதல் நாவலுக்கு மோசமான பயிற்சியல்ல.

இனி நமது வாவிக்கு வருவோம். கல்லடியிலிருந்து தெற்கே காத்தான்குடிக்குச் சில கிலோமீற்றர்தான். இரண்டும் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒரே எழுவான்கரை மணல். ஆனால் ஓர் ஊரின் பதினொரு வயதுப் பிள்ளைக்கு மற்ற ஊரில் ஒரு சிநேகிதனேனும் இருப்பது அரிது. பாடசாலை வேறு, விளையாட்டுத் திடல் வேறு, விடுமுறை நாட்களும் வேறு. இந்த நிலைக்கு மருந்தாக நம் எழுத்தாளர்கள் கொண்டுவருவது இரத்ததானக் கதை. விபத்தில் சிக்கிய தமிழ்ப் பிள்ளைக்கு முஸ்லிம் பிள்ளையின் வாப்பா இரத்தம் கொடுப்பார். அல்லது மறுதலையாக நடக்கும். நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் அந்தக் கதை முடியும்வரை இரண்டு பிள்ளைகளும் ஒரு வார்த்தை சண்டை பிடிப்பதில்லை, ஒரு மீனைக்கூடச் சேர்ந்து பிடிப்பதில்லை. ஒருவன் கட்டிலில் கிடக்கிறான், மற்றவன் கதவோரம் நிற்கிறான். இதில் சிநேகிதம் எங்கே வந்தது?

கடினமான விடயம் இதற்குப் பின்னால் இருக்கிறது. 1990 ஓகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டுக்குப் பலியானவர்களில் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். ஆறாந் தரத்தில் இன்றிருக்கும் பிள்ளைக்கு முதலிரண்டும் பிறப்பதற்கு வெகு முந்தியவை. மூன்றாவது நினைவு தெளியாத வயதில் நடந்தது. இவற்றைச் சிறுவர் நாவலில் எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பாரமான விடயம் சிறுவருக்கு ஆகாது என்ற வாதம் இப்போது நிற்காது. சிறுவர் மீதான பாலியல் சீண்டலைப் பேசும் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் இந்திய சாகித்திய அகாதமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றது. எழுதலாமா என்பதைவிட, யாருடைய கண்ணால் எழுதுவது என்பதே கேள்வி.

என்னைப் போன்று அப்போது பத்து வயதளவில் இருந்தவர்கள் நம் பால்யத்தை எழுதி, அதைச் சிறுவர் நாவல் என்று அழைக்கிறோம். அது நமது நாவல். இன்றைய பிள்ளைக்குத் தெரிவது வேறு. மூத்தம்மா அந்த ஊர்ச் சந்தைக்குப் போவதில்லை. ஏன் என்று கேட்டால் வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிடுகிறார். பஸ்ஸில் ஓர் இடம் வந்ததும் வாப்பாவின் பேச்சு நின்றுவிடுகிறது. பிள்ளை காண்பது இந்த மௌனத்தைத்தான். அதைத் துருவிப் போகட்டும். இரண்டு ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மௌனங்களோடு ஒரே தோணியில் ஏறி, ஒருவனிடம் இருக்கும் பாதியை மற்றவன் நம்ப மறுக்கட்டும். ஒருவரையொருவர் தண்ணீரில் தள்ளிவிடவுங்கூடும். அந்த நேரத்தில் அதிபர் வந்து சமாதானம் பேசினாரென்றால் நாவல் அத்தோடு செத்தது.

மொழி பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பிரதிகளில் பிள்ளைகள் ‘பிறகு’, ‘சிறிதளவு’, ‘திரும்பி’ என்று பாடநூலாகப் பேசுகிறார்கள். நமது பிள்ளைகள் ‘மறுகா’ என்கிறார்கள், ‘ஒள்ளுப்பம்’ என்கிறார்கள், ‘கிறுகி’ப் பார்க்கிறார்கள். இந்தச் சொற்களில் முஸ்லிம் சொல், தமிழர் சொல் என்ற பிரிப்பில்லை. கல்லடியிலும் காத்தான்குடியிலும் ஒன்றுதான். உம்மா, அம்மா என்று அழைக்கும் முறை மாறுபடலாம், மறுகா மாறுவதில்லை. ஓர் எழுத்தாளர் நூறு பக்கம் ஒற்றுமை பேசிவிட்டு, இரு ஊரும் பொதுவில் வைத்திருக்கும் சொற்களைக் கொச்சை என்று வெட்டிவிடுவது எனக்கு விளங்காத காரியம். இலங்கையின் மற்றப் பகுதிப் பிள்ளைக்கு விளங்காதே என்ற பயம் வேண்டாம். சம்பவம் ஓடுகிற ஓட்டத்தில் ‘மறுகா’ என்னவென்று பிள்ளை இரண்டாம் தடவையிலேயே பிடித்துக்கொள்ளும்.

மேற்சொன்ன பிரதிகளில் ஒன்றை மட்டும் விசேடமாகக் குறிப்பிட விரும்புகிறேன். அதன் மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு பையன்கள் நிலாக் காலத்தில் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்கிறார்கள். பாடுவது மீனா, ஊரியா என்று வாய்ச்சண்டை. ஒருவனுக்குக் கேட்கிறது, மற்றவனுக்குக் கேட்கவில்லை, ஆனால் கேட்டதாகச் சொல்கிறான். அருமையான இடம். நான்காம் அத்தியாயத்தில் விஞ்ஞான ஆசிரியர் வந்து நான்கு பக்கத்துக்கு விளக்கமளிக்கிறார். நண்பரே, அந்த நான்கு பக்கங்களையும் எடுத்துவிடுங்கள். பொய் சொன்னவன் அன்றிரவு வீட்டுக்குப் போய் என்ன செய்தான் என்று எழுதுங்கள்.