கிலோமீட்டர் கணக்கும் டீசல் கணக்கும்: பழைய லாரிகளில் என்ஜின் ஆயில்

நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகள், சங்ககிரியின் சரக்கு லாரிகள், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் என்று மோட்டார் தொழிலைப் பெரிதும் நம்பி வாழும் சேலம், நாமக்கல் சமவெளியில், பழைய லாரிக்கு எந்த என்ஜின் ஆயிலை ஊற்றுவது, அதை எப்போது மாற்றுவது என்ற இரு கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் கையேட்டிலிருந்து வருவதில்லை. மெக்கானிக்கின் விரலிலிருந்தும் உரிமையாளரின் பழக்கத்திலிருந்துமே வருகிறது. வண்டியோடு கிடைத்த கையேடு இரண்டாம், மூன்றாம் உரிமையாளரின் கைக்கு வந்து சேர்வதே அரிது என்பதால் இதில் வியப்பில்லை. இந்த நடைமுறையை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆயினும் அச்சிட்ட எண்ணைக் காட்டிலும் என்ஜினின் இன்றைய நிலையைப் பார்க்க முயல்வதால் அதன் நோக்கு சரியானதே. அது எதைப் பார்க்கிறது, எதைக் கொண்டு அளக்கிறது என்பதில்தான் குறை இருக்கிறது. பழைய லாரி என்று இங்கே சொல்லப்படுவது, மின்னணுக் கட்டுப்பாடு இல்லாமல், பம்பும் நாசிலுமே டீசலை அளந்து தெளிக்கும், பாரத் ஸ்டேஜ் 3 விதிகளையோ அதற்கு முந்தைய விதிகளையோ ஒட்டி உருவான வண்டியாகும்.

ஆயிலின் முதல் அடையாளம் அதன் பாகுத்தன்மை, அதாவது ஓடுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு. எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு வகுத்த முறையில், டின்னின் மேல் 15டபிள்யூ-40 என்று காணப்படும் குறியீட்டின் முன்பகுதி குளிரில் ஆயில் நடந்துகொள்ளும் விதத்தையும், பின்பகுதி 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கின்றன. முன்பகுதியில் 15 என்ற தரத்துக்கான தொடக்கச் சுழற்சிச் சோதனை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியில் நடத்தப்படுகிறது. மார்கழி விடியலில்கூட அத்தகைய குளிரைக் கனவிலும் காணாத இந்தச் சமவெளியில் 15-க்கும் 20-க்கும் உள்ள வேறுபாடு பெரிய பொருட்டன்று. பொருட்படுத்த வேண்டியது பின்பகுதியே: 40 என்ற தரம் 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரையிலும், 50 என்ற தரம் அங்கிருந்து 21.9 வரையிலும் நீள்கிறது. சென்டிஸ்டோக் என்பது பாகுத்தன்மையை அளக்கும் அலகு.

என்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கியதும் 40-ஐ விட்டு 50-க்கு மாறுவது இப்பகுதிப் பட்டறைகளில் பரவலான வழக்கம். இதற்கு நியாயம் உண்டு. லைனரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்து இடைவெளி கூடிய என்ஜினில் கெட்டியான ஆயில் எளிதில் மேலேறி எரிவதில்லை. சங்ககிரியில் சிமென்ட் ஏற்றிய வண்டி தருமபுரிப் பக்கம் தொப்பூர் கணவாயை ஏறும்போதும், சித்திரை வெயிலில் 40 டிகிரியை ஒட்டிய காற்றே ரேடியேட்டருக்குக் கிடைக்கும்போதும், பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள ஆயில் படலம் அறுந்துபோகாமல் நிற்க அது உதவுகிறது. ஆனால் அந்த மாற்றத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆயில் பிரஷர் மீட்டர் இங்கே சரியான சாட்சியன்று. பம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஆயிலைத் தள்ளுகிறது. மீட்டரின் முள் காட்டுவது ஆயில் ஓடும் அளவையன்று, ஓட்டத்துக்கு எதிரான தடையை. கெட்டி ஆயிலை ஊற்றினால் தடை கூடி முள் உயரும். ஒரு வரம்பைத் தாண்டியதும் ரிலீஃப் வால்வு திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கே அனுப்பிவிடும். ஆகவே முள் உயர்ந்ததைக் கண்டு என்ஜின் குணமடைந்ததாக எண்ணுவது தவறு. தேய்ந்த லைனரையும் ரிங்கையும் சரிசெய்யும் போர் வேலைக்குப் பணம் சேரும் வரை சில மாதங்களைக் கடத்த 20டபிள்யூ-50 உதவும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. தேய்மானமில்லாத என்ஜினிலும் முன்னெச்சரிக்கையாக அதையே ஊற்றும் பழக்கத்துக்குத்தான் நியாயமில்லை, ஏனெனில் அந்தக் கூடுதல் தடையை வெல்லும் சக்தியும் டீசலிலிருந்தே வர வேண்டும்.

பாகுத்தன்மையைப் பற்றி இவ்வளவு பேசும் பட்டறை, ஆயிலின் தரத்தைக் குறிக்கும் எழுத்துகளைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இதுவே தேர்வுமுறையின் பெரிய குறை. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ., டீசல் என்ஜின் ஆயில்களை 1990-இல் சி.எஃப்-4, 1998-இல் சி.எச்-4, 2002-இல் சி.ஐ-4, 2016 டிசம்பரில் சி.கே-4 என்று படிப்படியாக வரையறுத்து வந்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் கரியைத் தாங்கும் திறனும் தேய்மானத்தைத் தடுக்கும் திறனும் கூடின. பழைய என்ஜினுக்குப் பழைய ஆயிலே பொருந்தும் என்ற நம்பிக்கையால் சி.எஃப்-4 டின்னைத் தேடி வாங்குவோர் இன்றும் உண்டு. பழைய என்ஜினுக்கு 15டபிள்யூ-40 பாகுத்தன்மையுள்ள சி.ஐ-4 ஆயில் முழுவதும் பொருந்தும் என்பதோடு, கரியை நுண்துகள்களாகப் பிரித்து ஆயிலிலேயே மிதக்கவைப்பதிலும் அது மேலானது. விலக்க வேண்டியது, சி.கே-4-உடன் அதே நாளில் வந்த எஃப்.ஏ-4 என்னும் மெல்லிய ஆயிலை மட்டுமே. அது எரிபொருள் சிக்கனத்துக்கென்று வடிவமைத்த புதிய என்ஜின்களுக்குரியது. பழையதும் புதியதுமாக நான்கைந்து லாரி வைத்திருப்பவர் எதிர்த்திசையில் தவறவும் கூடும்: பாரத் ஸ்டேஜ் 6 வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருப்பதால், சாம்பல் அதிகம் விடும் சி.ஐ-4 ஆயில் நாளடைவில் அதை அடைத்துவிடும். எல்லா வண்டிக்கும் ஒரே பேரல் என்ற வசதி அங்கே செலவாக முடியும்.

எப்போது மாற்றுவது என்ற கேள்வி இதைவிடச் சிக்கலானது. டிப் ஸ்டிக்கை உருவி, ஆயிலின் நிறத்தைப் பார்த்து, இரு விரல்களுக்கிடையே தேய்த்து, முகர்ந்து முடிவு செய்வது நெடுங்கால வழக்கம். இந்தச் சோதனையில் பாதி நம்பத்தக்கது, பாதி ஏமாற்றுவது. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் கேஸ்கட் வழியாகவோ லைனர் சீல் வழியாகவோ தண்ணீர் கலந்திருக்கிறது. வழவழப்புக் குறைந்து டீசல் வாடை அடித்தால் நாசிலோ பம்போ ஒழுகுகிறது. இவ்விரண்டையும் பழகிய விரலும் மூக்கும் எளிதில் கண்டுபிடித்துவிடும். கறுப்பு நிறத்தின் கதை வேறு. டீசல் என்ஜினில் புதிய ஆயில் சில நூறு கிலோமீட்டருக்குள் கறுத்துவிடும். கரியைச் சுவரில் படியவிடாமல் தன்னுள் தாங்கிக்கொள்வது அதில் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள்களின் வேலை என்பதால், கறுக்காத ஆயிலைப் பற்றித்தான் ஐயம் எழ வேண்டும். அமிலத்தை நடுநிலையாக்க ஆயிலில் எஞ்சியிருக்கும் காரத்தன்மையையோ, தேய்ந்து கலந்த இரும்பின் அளவையோ, காற்று வடிகட்டியைக் கடந்து வந்த மண்ணையோ எந்த விரலும் அறியாது.

காரத்தன்மையைப் பொறுத்தவரை காலமே ஓர் உதவி செய்திருக்கிறது. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து, நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகி ஆயிலைக் கெடுத்ததால்தான் முந்தைய தலைமுறை மெக்கானிக்குகள் அடிக்கடி ஆயில் மாற்ற வலியுறுத்தினர். 1990-களில் பத்து லட்சத்தில் பல ஆயிரம் பங்காக இருந்த கந்தகம், பாரத் ஸ்டேஜ் 3 டீசலில் 350, ஸ்டேஜ் 4-இல் 50 என்று குறைந்து, 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் 10 பங்காகிவிட்டது. வண்டி பழையதானாலும் அது குடிக்கும் டீசல் புதியது. ஆகவே அமிலத்துக்கு அஞ்சி ஆயில் மாற்றும் இடைவெளியைச் சுருக்குவதற்கு முன்பிருந்த காரணம் இன்று பெருமளவு வலுவிழந்துவிட்டது; கரி, மண், டீசல் கலப்பு ஆகிய மூன்று காரணங்களும் அப்படியே நிற்கின்றன.

இவை மூன்றும் கிலோமீட்டருக்குக் கட்டுப்பட்டவையல்ல. பழைய லாரியின் வாழ்க்கையைப் பார்த்தால் இது தெளிவாகும். நேஷனல் பெர்மிட் விதிகள் பொதுவான சரக்கு லாரிக்கு 12 ஆண்டு, பல அச்சு வண்டிக்கு 15 ஆண்டு என்று வயது வரம்பு வைத்ததால், வட மாநில லைன் ஓடிய வண்டி ஒரு கட்டத்தில் உள்ளூருக்குத் திரும்பி ஜல்லி, செங்கல், மண் லோடுகளுக்கு மாறுகிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் 18,000 கிலோமீட்டர் தாங்கிய ஆயிலைக் கல்குவாரிப் புழுதியில் நின்று நின்று ஓடும் அதே வண்டியிலும் அதே எண் வரை விட்டுவைப்பது பொருந்தாது. ரிக் வண்டியில் இந்த முரண் உச்சத்துக்குப் போகிறது: போர் போடும் இடத்தில் வண்டி அசையாமல் நிற்க, என்ஜின் மணிக்கணக்கில் இயங்குகிறது. அதனால்தான் ரிக் தொழிலில் மணிக்கணக்கு மீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றும் வழக்கம் வந்தது. லாரிக்காரர்கள் பக்கத்து ஊரிலிருந்தே கற்றிருக்கலாம்.

ஆயிலின் சுமையை இன்னும் நேராக அளப்பது எரிந்த டீசலின் அளவு, ஏனெனில் கரியும் அமிலமும் நீராவியும் டீசல் எரிவதால் பிறப்பவை. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் வண்டி 18,000 கிலோமீட்டரில் 4,500 லிட்டர் டீசலை எரிக்கிறது. குவாரி வேலையில் மைலேஜ் 2.5-ஆகக் குறைந்தால் அதே 4,500 லிட்டர் 11,250 கிலோமீட்டரிலேயே தீர்ந்துவிடும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. டிரைவருக்கும் உரிமையாளருக்கும் இடையே ஒவ்வொரு டிரிப்பிலும் லிட்டர் சுத்தமாகப் பேசப்படுவது டீசல் கணக்குத்தான். லாரித் தொழிலில் இதைவிடக் கறாரான ஏடு வேறில்லை. திருட்டைப் பிடிக்க வைத்திருக்கும் அந்த ஏட்டை ஆயில் மாற்றும் நாளைக் குறிக்கவும் பயன்படுத்தாதது ஒரு வீணடிப்பு. புழுதிக்கு மட்டும் இந்தக் கணக்குப் போதாது. காற்று வடிகட்டியில் ஓட்டையோ தளர்ந்த ரப்பர் குழாயோ இருந்தால் எந்த இடைவெளியும் என்ஜினைக் காப்பாற்றாது.

ஆயில் குடிக்கும் வண்டிக்கு அடிக்கடி டாப் அப் செய்வதால் உள்ளே எப்போதும் புதிய ஆயில்தான் இருக்கிறது, தனியாக மாற்ற வேண்டியதில்லை என்ற வாதமும் இப்பகுதியில் கேட்கக் கிடைப்பது. ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் காரத்தன்மையைச் சிறிது மீட்கிறது என்ற அளவில் அது உண்மை. ஆனால் எரிந்து போவது ஆயில். அதிலிருந்த உலோகத் தூளும் கரியின் பெரும்பகுதியும் பின்தங்கிச் செறிவு கூடுகின்றன. ஆயில் ஃபில்டர் அடைத்ததும் அதிலுள்ள பைபாஸ் வால்வு திறந்து, என்ஜின் வறண்டுபோகாமலிருக்க, வடிகட்டாத ஆயிலையே பேரிங்குக்கு அனுப்பத் தொடங்கும். இது நடப்பதை எந்த மீட்டரும் காட்டாது. இத்தனைக்கும் மிச்சமாவது மிகச் சொற்பம்: சம்ப்பில் பதினைந்து லிட்டர், லிட்டர் உத்தேசமாக 300 ரூபாய் என்று கொண்டால் 4,500 ரூபாய், அதே இடைவெளியில் எரியும் 4,500 லிட்டர் டீசலுக்கு லிட்டர் 90 ரூபாய் வீதம் நான்கு லட்சத்துக்கு மேல். ஆயில் செலவு டீசல் செலவில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே.

ஆய்வகத்தில் ஆயிலைச் சோதித்து, அதன் நிலைக்கேற்ப மாற்றுவதே சிறந்தது என்பது பொறியியலின் முடிவு. பல நூறு லிட்டர் ஆயில் கொள்ளும் டீசல் ரயில் என்ஜின்களைப் பராமரிக்கும் ரயில்வே பணிமனைகள் ஆயிலில் கலந்த உலோகங்களை நிறமாலை முறையில் அளந்து, எந்தப் பாகம் தேய்கிறது என்பதை முன்கூட்டியே அறிகின்றன. பதினைந்து லிட்டர் சம்ப் உள்ள ஒற்றை லாரி உரிமையாளருக்கு இதைப் பரிந்துரைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. பத்து, இருபது வண்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் பயன் உண்டு.

இவ்வளவு கணக்கும் டின்னில் எழுதியிருப்பதே டின்னுக்குள் இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. பேரலிலிருந்து அளந்து தரும் லூஸ் ஆயிலில் அந்த உறுதி இல்லை. பட்டறைகளில் இறக்கிய கழிவு ஆயிலை விலைக்கு வாங்கிச் செல்வோர் இருக்கிறார்கள். முறையாக மறுசுத்திகரித்தால் அது நல்ல அடிப்படை ஆயிலாகும், வெறுமனே வடிகட்டி நிறம் மாற்றினால் வேதிப்பொருள் செத்த திரவமாகவே கடைக்குத் திரும்பும். கழிவு ஆயிலைச் சேகரித்து மறுசுத்திகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர், இறக்குமதியாளர் மீது சுமத்தும் மத்திய அரசின் விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பயன் ஒவ்வொரு பட்டறைக்கும் வந்து சேரும் வரை, சீல் வைத்த டின்னை வாங்கி, ஊற்றி முடித்ததும் அதே டின்னில் வேறு ஆயில் அடைக்க முடியாதபடி அதைக் குத்தி ஓட்டையாக்குவது மட்டுமே வாங்குவோர் கையிலிருக்கும் காவல்.