உற்சவமும் மொழிப் பயிற்சியும்

புதிதாக ஒரு பாஷையைக் கற்கத் தொடங்குகிறவனைத் தடுத்து நிறுத்தும் காரணங்களில், இலக்கணத்தின் கடினத்தைக் காட்டிலும் வெட்கமே பெரிது என்பது, இவ்விஷயத்தில் சிறிதேனும் அனுபவமுள்ள ஆசிரியர் எவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. பிழையாகப் பேசிவிடுவோமோ, பிறர் நகைப்பரோ என்ற கூச்சம் நாவைக் கட்டிவிடுகிறது. கட்டுண்ட நாவுக்கு எத்தனை வாய்பாடுகளை மனப்பாடம் செய்வித்தாலும் பேச்சு வருவதில்லை. இக்கூச்சத்தைப் போக்கக் கூட்டத்தையும் கொண்டாட்டத்தையும் விடச் சிறந்த சாதனமில்லையென்று கருதி, ஒரு மொழியின் பெயராலேயே ஆடலும் பாடலுமாக விழா எடுத்து, அதன் வாயிலாக ஆரம்பப் பாடத்தைப் புகட்டும் முயற்சி, சென்ற நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவின் மேற்கு ஓரத்திலுள்ள அயர்லாந்தில் நடந்துவருகிறது. அம்முயற்சியின் பலாபலனை நிதானமாக ஆராய விரும்புகிறவர்களுக்கு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த நம் திருவரங்கத் தீவில், அதைவிடப் பன்மடங்கு பழமையானதொரு பாஷா உற்சவம் ஆண்டுதோறும் மார்கழியில் நடக்கிறது என்பதும், திருச்சிராப்பள்ளி நகரமே பலவகை மொழிப் பயிற்சிகளுக்குப் பரீட்சைக்களமாக இருந்திருக்கிறது என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

அயர்லாந்தின் சரித்திரத்தை முதலிற் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1831-இல் அங்கே ஏற்பட்ட அரசாங்கப் பள்ளிகள் ஆங்கிலத்திலேயே போதித்தன. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சமோ, ஐரிஷ் மொழி பேசிய ஏழைக் குடியானவர்களையே மிகுதியாகக் கொன்றும் நாடு கடத்தியும் தீர்த்தது. அந்நூற்றாண்டின் இறுதியில், எஞ்சிய மொழி மேற்குக் கரையோரக் குடிசைகளில் ஒதுங்கிக் கிடந்த நிலையில், 1893 ஜூலை 31-ஆம் தேதி டப்ளின் நகரில் டக்ளஸ் ஹைட் முதலிய சிலர் கூடிக் கேலிக் லீக் என்ற சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். அச்சங்கத்தார் வெறும் வாசகப் புத்தகம் அச்சிட்டு விற்பதோடு நில்லாமல், 1897-இல் 'ஒரக்டஸ்' என்னும் கலைவிழாவைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் லண்டன் மாநகரில், பிழைப்பைத் தேடிச் சென்ற ஐரிஷ்காரர்களுக்காகக் 'கெய்லி' என்ற கூட்டு நடன மாலையை முதன்முதல் ஏற்பாடு செய்தார்கள். 1902 முதல் ஐரிஷ் மொழி வாரம் கொண்டாடலானார்கள். வாரமென்ற பெயரையே இன்றும் தரித்திருந்தாலும் அது மார்ச்சு முதல் தேதியில் தொடங்கி, புனித பாட்ரிக் திருநாளாகிய 17-ஆம் தேதி வரையில் நீள்கிறது. அந்நாட்களில் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் தேநீருக்குமாகக் கூடுகிற இடத்தில், இரண்டு சொல் மட்டும் அறிந்தவரும் அவ்விரண்டையும் கூசாமற் சொல்லலாம். திருத்துவார் இல்லை, புன்னகை செய்வாரே உண்டு. ஹைட் பெருமகனார் 1938-இல் அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார் என்பதிலிருந்தே, ஒரு மொழிச் சங்கம் தேச வாழ்வில் எத்துணை உயரம் எட்டியதென்று அறியலாம்.

ஆயினும் பலன் என்ன? 2022-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில், ஐரிஷ் பேசத் தெரியுமென்று சொல்லிக்கொண்டவர்கள் 18 லட்சத்து 73 ஆயிரத்துக்கும் மேல், அதாவது நூற்றுக்கு நாற்பது பேர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே அன்றாடம் அதைப் பேசுகிறவர்களோ 71,968 பேர்தாம். பள்ளிப் பருவம் முழுவதும் அம்மொழியைக் கட்டாயமாகப் படித்தும் வாய் திறக்க மாட்டாதவர்கள் ஏராளம். மார்ச்சு மாதத்தில் மலர்ந்த உற்சாகம் ஏப்ரலில் எங்கே போகிறது என்ற கேள்விக்கு அந்நாட்டார் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். குறை விழாவில் இல்லை என்பது என் அபிப்பிராயம்; விழாவுக்கு முன்னும் பின்னும் அன்றாட அப்பியாஸத்தைப் பிணைக்கும் கயிறு அறுபட்டிருப்பதே குறை. இக்கயிறு எப்படித் திரிக்கப்படும் என்பதை நம் ஊரில் தேடிப் பார்க்கலாம்.

அயர்லாந்து நமக்கு முற்றும் அந்நியமன்று. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல் பாதிரியார், 1814-இல் அந்நாட்டின் ஆண்ட்ரிம் பிரதேசத்தில் பிறந்தவரே. அவருக்கு நூறாண்டு முந்தி, திருச்சிராப்பள்ளிச் சீமையில் நடமாடி, கொள்ளிடத்துக்கு வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் வசித்த இத்தாலியராகிய வீரமாமுனிவர், பிற தேசத்துப் பாதிரிமார் தமிழை எளிதிற் பழகுவதற்கென்று பரமார்த்த குருவின் கதையை இயற்றினார். ஆரம்ப வாசகனுக்குத் தர்மோபதேசத்தைக் கொடுக்காமல், மட்டியும் மடையனும் பேதையும் மிலேச்சனும் மூடனுமாகிய ஐந்து சீடர்களைக் கொடுத்த சாமர்த்தியத்தை எண்ணி வியக்கிறேன். சிரிக்கிறவனுக்குக் கூச்சம் ஏது? 1822-இல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் அக்கதையைத் தமிழ் மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் லண்டனில் பதிப்பித்தபோதும், கதை தன் பழைய உத்தியோகத்தையே, அதாவது அந்நியனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதையே, செய்தது.

பரீட்சை வழியாகக் கற்பிக்கும் முறைக்கு உதாரணம் வேண்டுவோர் திருச்சிராப்பள்ளியிலுள்ள தென்னூருக்குச் செல்லலாம். 1918-இல் காந்தியடிகளின் முயற்சியால் சென்னையில் தொடங்கி, அவர் குமாரர் தேவதாஸ் காந்தியையே முதல் ஆசிரியராகக் கொண்ட ஹிந்தி பிரசார சபையின் தமிழ்நாட்டுக் கிளை அங்கேதான் இருக்கிறது. பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று படிப்படியாக ஏறும் அப்பரீட்சைகளைத் தேறிச் சான்றிதழ் பெற்ற தமிழர் பல தலைமுறையினர் உண்டு. ஆனால் அவர்களுள் எத்தனை பேர் வடக்கே ரயிலில் போகும்போது தயக்கமின்றிப் பேசினார்கள் என்று கேட்டால், பலரும் சற்றுச் சிரித்து விஷயத்தை மாற்றிவிடுவார்கள். வற்புறுத்தலாக வந்த மொழியை இவ்வூர் எப்படி எதிர்கொண்டது என்பதற்கு, 1938 ஆகஸ்டு மாதம் முதல் தேதி கட்டாய ஹிந்தியை எதிர்த்து இங்கிருந்து சென்னை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்ட தமிழர் படையே சாட்சி. விருப்பமாக வரும் மொழிக்கும் விதியாக வரும் மொழிக்கும் உள்ள பேதத்தை இந்நகரத்தாருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஸம்ஸ்கிருதத்தின் கதி வேறு. 1969 முதல் இந்திய அரசாங்கம் ஆவணிப் பௌர்ணமியை ஸம்ஸ்கிருத தினமாகக் கொண்டாடி வருகிறது. 1981-இல் பெங்களூரில் தோன்றிய இயக்கமொன்று, பத்தே நாட்களில், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், இலக்கண சூத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் பொருள்களைச் சுட்டிக்காட்டிப் பேச வைக்கும் முகாம்களை நாடெங்கும் பரப்பியது. அம்முறை சிலாக்கியமானதே. பத்தாம் நாள் மாலை மேடையேறி நாடகம் நடிக்கும் உற்சாகம் மெய்யானது. பதினோராம் நாள் யாரோடு பேசுவது என்பதுதான் அங்கும் பிரச்சினை.

இனி, தொடக்கத்திற் சொன்ன திருவரங்கத்து மார்கழி விழாவாகிய அத்தியயன உற்சவத்துக்கு வருவோம். அதில் ஓதப்படும், ஆழ்வார்களின் பாசுரத் தொகுதியாகிய நாலாயிர திவ்யப்பிரபந்தத்தின் தமிழ், தமிழனுக்கும் பாதி அந்நியமான தமிழ் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் வியாக்கியானங்களோ, வடமொழியும் தென்மொழியும் விரவிய மணிப்பிரவாளத்தில் இருப்பதால், படிக்க முயல்பவருக்கு இரட்டிப்புச் சிரமம் தருவன. இத்தகைய பாஷை ஓராயிரம் ஆண்டுகளாக வாயினின்று வாய்க்கு வந்துகொண்டே இருப்பதற்கு உற்சவமே பெருங்காரணம். திருமங்கையாழ்வார் காலத்தில் நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்காக ஏற்பட்ட இவ்விழா இடையில் நின்றுபோக, காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த நாதமுனிகள் அதைப் புதுப்பித்து விரிவாக்கினார் என்று ஸம்பிரதாயம் கூறுகிறது. மறைந்துபோன நாலாயிரத்தை மீட்பதற்காக அவர் கண்ணிநுண்சிறுத்தாம்பு என்ற பதினொரு பாசுரங்களைப் பன்னீராயிரம் உரு சொன்னாராம். கதையென்று தள்ளினும் தள்ளுக. ஆரம்ப மாணாக்கனுக்குச் சிறிய பாடத்தைக் கொடுத்து அளவில்லாமல் திருப்பிச் சொல்லவைக்கும் போதனா முறை அதற்குள் அடங்கியிருக்கிறது. மீட்டதை இசையமைத்துத் தம் மருமக்கள் இருவருக்குக் கற்பித்தார் என்பதும், பாசுரங்களை இசைத்து அபிநயிக்கும் அரையர் மரபு அவர்களிடமிருந்தே பிறந்ததென்பதும் அக்கதையின் பிற்பகுதி.

விழாவின் அமைப்பிலே ஒரு நுட்பம் உண்டு. திருக்கார்த்திகைக்குப் பின் ஸந்நிதியில் அருளிச்செயல் எனப்படும் அப்பிரபந்தத்தை ஓதுவது நிறுத்தப்படுகிறது. அனத்தியயன காலம் எனப்படும் அந்நாட்களில் மணவாள மாமுனிகளின் உபதேசரத்தினமாலை போன்றவையே ஒலிக்கும். ஆண்டு முழுவதும் காதில் விழுந்த ஓசை திடீரென்று அடங்கிவிட, அதற்கான பசி மிகும் நேரத்தில், வைகுண்ட ஏகாதசிக்கு முந்திய அமாவாசை இரவு திருநெடுந்தாண்டகத்தோடு அரையர் தொடங்குகிறார். மறுநாளிலிருந்து அர்ஜுன மண்டபத்தில் பகல்பத்து. வைகுண்ட ஏகாதசியன்று விடியுமுன் பரமபத வாசல் திறந்து, ஆயிரங்கால் மண்டபத்தைச் சார்ந்த திருமாமணி மண்டபத்தில் இராப்பத்து. இராப்பத்தில் நாளுக்கொரு பத்தாகத் திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் நிறைவெய்த, இறுதி நாள் நம்மாழ்வார் மோக்ஷமும், மறுநாள் இயற்பா சாற்றுமுறையும் நிகழும். லட்சக்கணக்கானவர் அந்த வாசலைக் கடக்கவும் இரத்தினாங்கியைக் காணவும் வருகிறார்கள். பத்திரிகைகளும் அதையே பெரிதாக எழுதுகின்றன. மண்டபத்துக்குள் நடப்பது ஒரு மொழியின் திருவிழா என்பதைக் கவனிப்பவர் சிலரே.

கூம்பிய குல்லாயும் மாலையும் தரித்து, கையில் தாளமேந்தி, ஒரே பாசுரத்தை முதலில் இசையாகவும், பின் அபிநயமாகவும், பின் வியாக்கியானமாகவும் அரையர் தருகிறார். பொருள் தெரியாதவனுக்கு ஓசை, ஓசையில் ருசி பிறந்தவனுக்குக் கை முத்திரை, அதன் பிறகே உரை என்ற இவ்வரிசையைத் தற்கால மொழியாசிரியர்கள் புதியதென்று எண்ணிக் கையாள்வதைக் கண்டால் நமக்கு நகைப்பே வருகிறது. திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, கர்நாடகத்து மேல்கோட்டை ஆகிய சில இடங்களிலேயே இக்கலை எஞ்சியிருக்கிறது.

ஆனால் ஆரம்ப மாணாக்கனுக்கு உற்சவம் பள்ளிக்கூடமன்று. அவனுடைய பள்ளிக்கூடம் சந்தை. திண்ணையிலோ கூடத்திலோ அமர்ந்து, ஆசாரியர் ஓரடியை ஒருமுறை சொல்ல, சிறுவர்கள் இருமுறை திருப்பிச் சொல்வர், புத்தகம் பிற்பாடுதான். திருப்பல்லாண்டும் திருப்பாவையும் வாயில் நின்றபின், பையன், கோயிலில் கூடி ஓதுவோராகிய கோஷ்டியின் கடைசி வரிசையில் சென்று உட்காருகிறான். முன்வரிசைப் பெரியவர்கள் கணீரென்று தொடங்க, அவன் தெரிந்த இடத்தில் உரக்கவும், தெரியாத இடத்தில் முணுமுணுத்தும், மறந்த இடத்தில் வாயை மட்டும் அசைத்தும் கூடவே செல்கிறான். அவன் பிழை நாற்பது குரல்களுக்குள் மறைந்துவிடுகிறது. பிழையைத் தானே கேட்டறிந்து அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளவும் செய்கிறான். சாற்றுமுறைப் பாசுரங்களை இருமுறை சொல்வதால், முதல் முறை தவறியவனுக்கு மறுமுறை ஒரு சந்தர்ப்பமும் கிடைக்கிறது. தீர்த்தமும் சடாரியும் முன்வரிசைக்குக் கிடைப்பது போலவே அவனுக்கும் கிடைக்கும். கடுமையான பரீட்சையும் இல்லை, வெறும் வேடிக்கையும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, கற்றுக்குட்டிக்கென்று ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அயர்லாந்தின் மொழி வாரத்திலும், பத்து நாள் முகாமிலும் இல்லாத கயிறு இதுவே: ஆண்டு முழுவதும் சந்தை, அந்தச் சந்தைக்கு இலக்காக உற்சவம், உற்சவத்தில் கடைசி வரிசை.

பொருளறிவுக்கும் திருவரங்கத் தெருக்களில் குறைவிருந்ததில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் சொன்னபோது திரண்ட கூட்டத்தைக் கண்டு, இது பெருமாளின் கோஷ்டியோ பிள்ளையின் கோஷ்டியோ என்று மயங்கினார்களாம். அவர் சொன்னதைக் கேட்டு வடக்குத்திருவீதிப்பிள்ளை எழுதி வைத்ததே ஈடு முப்பத்தாறாயிரப்படி. மணவாள மாமுனிகள் நம்பெருமாள் திருமுன்பே ஏறக்குறைய ஓராண்டு அதை விரித்துரைத்தார் என்பதும் பிரஸித்தம்.

குறையைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை ஸ்துதியாகிவிடும். அக்கடைசி வரிசை எல்லோருக்கும் திறந்ததன்று. கோயில் கோஷ்டியில் பெண்கள் அமர்வதில்லை. திருப்பாவை பாடிய ஆண்டாளின் சொற்களையே ஓதும் இடத்தில் பெண்குரல் இல்லையென்பது எத்தனை ஸமாதானம் சொன்னாலும் ஆறாத குறை. குலமும், சமாசிரயணம் என்ற வைணவ தீட்சையும் வேறு வேலிகள். தவிர, பொருளே தெரியாமல் வாய் மட்டும் ஓடும் அப்பியாஸம் பலரிடம் நிலைத்துவிட்டது. நாலாயிரமும் ஒப்பிக்கத் தெரிந்தும் நான்கு பாசுரத்துக்கு உரை சொல்ல இயலாதவரை நான் கண்டிருக்கிறேன். வேலைக்காகப் பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட வீடுகளில் திண்ணைகள் வெறுமையாயின. இவற்றுக்கு மாற்றாக, உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் பெண்கள் தாமாகக் கூடித் திருப்பாவைச் சந்தை நடத்துவதும், பள்ளிகளில் பாவைப் பாடல் போட்டிகள் நடப்பதும் வரவேற்கத்தக்கவை. எனினும் போட்டி மட்டும் போதாது. முதற்பரிசு ஒருத்திக்குத்தான், கடைசி வரிசையோ எல்லோருக்குமானதாக இருக்க வேண்டும்.

ஆகையால், வருகிற மார்கழியில் திருவரங்கம் வர எண்ணியிருப்பவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு. திருக்கார்த்திகைக்கு முன்பே, கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் கிடைக்கும் நித்யாநுஸந்தானப் புத்தகமொன்றை வாங்கி, காவிரிக்கு அக்கரையில் உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வாரின் அமலனாதிபிரான் பத்துப் பாட்டை, வீட்டிலுள்ள பெண் குழந்தைகளையும் உடன் உட்காரவைத்து, தெரிந்தவர் ஒருவரிடம் சந்தையாகக் கேட்டுப் பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். பகல்பத்தில் அப்பாசுரங்கள் ஓதப்படும்போது, மண்டபத்தின் எந்த மூலையில் நின்றாலும், நீங்களும் உடன் சொல்லலாம்.